இறம்பொடை ஏற்றமும் காபுரேற்றரும்

இறம்பொடைக் கணவாயில் வண்டி கெட்டுப்போன வரலாறு மோட்டார் வாகனத்தோடு தொடங்கியதன்று. 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவிலே ஓர் ஆங்கிலக் குடியேற்றத்தை நிறுவக் கருதிய சாமுவேல் பேக்கர் என்பார், தமது குதிரை வண்டியைப் பேர்க்கஸ் என்ற ஊழியனிடம் ஒப்படைத்து மலைக்கு அனுப்பினார். குடிப்பழக்கம் மிக்க அந்த ஊழியன் இறம்பொடைப் பாதையில் வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தாக்கில் உருட்டிவிட்டான். நடந்ததைத் தன் எஜமானனுக்குப் பிழைகள் மலிந்த ஆங்கிலத்தில் அவன் எழுதியனுப்பிய கடிதத்தைப் பேக்கர் தாம் 1855இல் வெளியிட்ட 'இலங்கையில் எட்டு ஆண்டுகள்' என்னும் நூலில் அப்படியே சேர்த்துள்ளார். விழுந்த வண்டியை மீட்பதற்கு ஒரு யானை அனுப்பப்பட்டது. அதன்மீதும் ஏறிக்கொண்டு, அந்தச் செங்குத்தான ஏற்றத்தில் அதனை விரைந்து நடக்கத் துரத்தினான் அவன். யானையும் மாண்டது. பிற்காலத்தில் ஆபிரிக்காவில் அல்பேட் ஏரியைக் கண்டு புகழெய்திய பேக்கருக்கு இறம்பொடை கற்பித்த பாடம், இம்மலையில் அவசரம் ஆகாது என்பதாகும்.

குதிரைக்கும் யானைக்கும் மூச்சு முட்டிய அதே ஏற்றத்தில், பின்னர் எஞ்சினுக்கும் மூச்சு முட்டியது. இஃது அணிக்காகச் சொல்லும் சொல்லன்று. பெற்றோல் எஞ்சின் மெய்யாகவே மூச்சு வாங்குகிறது. அம்மூச்சில் எவ்வளவு எரிபொருளைக் கலக்கவேண்டும் என்று தீர்மானிக்கும் உறுப்பே காபுரேற்றர். மனிதனுக்கு மூக்கும் நாவும் எப்படியோ, அப்படி எஞ்சினுக்கு இது.

கண்டி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை வழியாகச் செல்லும் சுமார் 77 கிலோமீற்றர்ப் பாதை முடியும் நுவரெலியாவின் உயரம் 1868 மீற்றர். அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று இலேசாகிறதே அன்றிப் பெற்றோல் இலேசாவதில்லை. ஆகவே, கொழும்பில் செம்மையாகத் திருத்தப்பட்ட காபுரேற்றர் மலையேறியபின் தேவைக்கு மிஞ்சிய பெற்றோலை ஊட்டுகிறது. ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிவதற்கு நிறையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். கொழும்பில் இக்கணக்குப்படி அமைந்த கலவை, நுவரெலியாவில் ஒன்றுக்கு 13.4 என்ற அளவுக்குச் செறிந்துவிடும். புகைபோக்கியில் கரி படியும், தீப்பொறிச் செருகிகள் கறுக்கும், பெற்றோல் வீணாகும், வண்டி ஏற்றத்தில் சோரும். மாறாக, நுவரெலியாவில் வைத்துத் திருத்திய வண்டி கொழும்புக்கு இறங்கினால் பெற்றோல் போதாமல் எஞ்சின் கொதிக்கும். வால்வுகள் கருகவும் கூடும். இவ்வாறு மலையும் கரையும் ஒரே வண்டியிடம் வெவ்வேறு கோரிக்கைகளை வைக்கின்றன.

மலையகத்தில் நெடுங்காலம் இக்கோரிக்கைகளுக்கு விடை சொன்னது எஸ்.யு. என்னும் காபுரேற்றர். இதனைக் கண்டுபிடித்தவர்கள் இங்கிலாந்தின் ஸ்கின்னர் சகோதரர்கள். அவர்கள் குடும்பத்தின் தொழிலோ சப்பாத்துத் தைத்து விற்பது. முதற் காபுரேற்றர்களில் மூச்சுப்பைபோல விரிந்து சுருங்கும் ஒரு தோற்பையை அவர்கள் வைத்தார்கள் என்பதில் வியப்பென்ன? அவர்கள் கைக்குத் தோல் பழகிய பொருள். 1910இல் நிறுவப்பட்ட அக்கம்பனியை 1926இல் வில்லியம் மொறிஸ் வாங்கினார். அதன் பயனாக, 1948 முதல் வெளிவந்த மொறிஸ் மைனர் கார்களின் எஞ்சினில் எஸ்.யு. காபுரேற்றர் அமர்ந்து இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. இலங்கையின் வீதிகளை அமைத்துப் புகழ்பெற்ற மேஜர் தோமஸ் ஸ்கின்னரின் பெயரும் அதுவே. ஒரு ஸ்கின்னர் வீதியமைத்த நாட்டில், வேறு ஸ்கின்னர்கள் செய்த காபுரேற்றர் மலையேறிற்று. இது வெறும் பெயரொற்றுமைதான். ஆயினும் நினைவில் வைத்திருக்கத் தக்கது.

எஸ்.யு. காபுரேற்றரின் அமைப்பு மிக எளியது. மணி வடிவான உலோகக் கூட்டினுள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் அசைகிறது. அதன் அடியில் நுனி மெலிந்த ஓர் ஊசி தொங்குகிறது. காற்று மிகுதியாக உறிஞ்சப்படும்போது பிஸ்டன் உயர்கிறது. ஊசியும் உடன் உயர, ஜெட்டின் துவாரம் பெரிதாகிக் கூடுதலான பெற்றோல் வெளிப்படுகிறது. அடியிலுள்ள ஆறுபட்டைத் திருகு நட்டை மேலே திருகினால் கலவை இலேசாகும். கீழே திருகினால் செறியும். கணக்குப் பார்ப்பதற்கு மீற்றர் எதுவும் வேண்டியதில்லை. எஞ்சின் ஓடும்போது பிஸ்டனைச் சிறிதளவு உயர்த்திப் பார்க்க வேண்டும். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் கலவை செறிந்திருக்கிறது. எஞ்சின் தடுமாறி அணையப் பார்த்தால் இலேசாகியிருக்கிறது. ஒரு கணம் மட்டும் சற்றே விரைந்து பின் பழைய நிலைக்குத் திரும்பினால் அதுவே சரியான அளவு. காதும் விரல் நுனியுமே கருவிகள்.

மலையகத்துக் கராஜ்களில் எழுத்தறிவு மிகக் குறைந்த பையன்களும் இக்கலையை விரைவிற் கற்றுக்கொள்ள முடிந்ததற்குக் காரணம் இந்த எளிமைதான். தோட்டங்களிலே துரைமாரின் கார்கள், தேயிலை ஏற்றும் லொறிகள், தொழிற்சாலையின் எண்ணெய் எஞ்சின்கள் ஆகிய யாவும் பழுதாகும். பழுது பார்க்கக் கொழும்பு தொலைவில் இருக்கும். எனவே தோட்டத்துப் பட்டறையிலேயே கைத்தொழிலாளர் உருவாயினர். பெற்றோல் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றி ஏறுவது சாரதிகள் அறிந்த மற்றொரு உபாயம். வெப்பமும் உயரமும் சேர்ந்தால் பெற்றோல் குழாயிலேயே ஆவியாகிப் பாதையை அடைத்துக்கொள்ளும். ஈரத்துணி அந்த ஆவியைக் குளிர்த்தித் திரவமாக்கும். உயரத்தில் காற்றமுக்கம் குறைவதால் திரவங்கள் எளிதில் கொதிக்கின்றன என்னும் பௌதிகவியலை அவர்கள் புத்தகத்தில் படித்தவர்கள் அல்லர்.

1934ஆம் ஆண்டு தொடங்கி நுவரெலியாவில் நடைபெற்றுவரும் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்தையும் இங்கே குறிப்பிடலாம். பந்தயக்காரர்களுக்கு இருந்த சிக்கலும் இதுவே. அவர்களிடம் பணமும் மாற்று ஊசிகளும் இருந்தன. ஒவ்வொரு எஞ்சினுக்கும் செறிவு, நடுத்தரம், இலேசு என மூவகை ஊசிகளை எஸ்.யு. கம்பனியின் பட்டியல் குறித்திருந்தது. சாதாரணச் சாரதியோ ஒரே ஊசியை வைத்துக்கொண்டு நட்டைத் திருகிக் காலந்தள்ளினான்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. புதிய கார் வரவில்லை. இருந்த மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் கைமாறிக் கைமாறி வாடகைக் கார்களாயின. உதிரிப்பாகம் கிடைக்காத அக்காலத்தில்தான் பழுது பார்க்கும் கலை உச்சத்தை அடைந்தது. தேய்ந்த ஊசியைக் கடைந்து சீராக்கினர். ஓட்டையான பித்தளை மிதவையைப் பற்றவைத்தனர். காகிதத்தை வெட்டி அடைப்புத் தகடு செய்தனர். பற்றாக்குறை நல்லதென்று சொல்ல வேண்டுவதில்லை. அதனால் வருந்தியோர் பலர். எனினும், வேறு வழியில்லாத இடத்தில் கை தேர்கிறது என்பதை மறுக்கவும் இயலாது.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. யப்பானிலே சில ஆண்டுகள் ஓடிய கார்கள், 'ரீகண்டிஷன்' என்ற பெயரில், கப்பல் கப்பலாக வந்தன. மலையகத்து மெக்கானிக்குகள் அடுத்த சில ஆண்டுகளில் அவற்றின் முன்மூடியைத் திறந்தபோது, தாம் அறிந்த காபுரேற்றர் அங்கே இல்லை. அதனைச் சுற்றி இருபது முப்பது இரப்பர்க் குழாய்களும், பல நிறக் கம்பிகளும், ஓரத்தில் ஓர் இரும்புப் பெட்டியும் இருந்தன. இலத்திரனியல் காபுரேற்றர் மலைக்கு வந்துவிட்டது.

அது யாரை எண்ணிச் செய்யப்பட்டது? இறம்பொடையை எண்ணியன்று. 1970இல் ஐக்கிய அமெரிக்கா இயற்றிய தூய காற்றுச் சட்டமும், யப்பான் 1978இல் நடைமுறைப்படுத்திய கடுமையான புகை விதியுமே அதனைப் பிறப்பித்தன. புகையிலுள்ள மூவகை நச்சையும் ஒருங்கே அழிக்கும் ஊக்கிக் கலம், கலவை ஏறத்தாழச் சரியாக 14.7இல் நிற்கும்போதுதான் ஒழுங்காக வேலை செய்யும். மனிதக் காதும் விரலும் அத்துணை நுட்பத்தை நாள் முழுதும் காக்க வல்லவை அல்ல. ஆகவே புகைபோக்கியில் ஓர் ஒட்சிசன் உணரியைப் பொருத்தினர். புகையில் ஒட்சிசன் மிஞ்சினால் கலவை இலேசு, எஞ்சாவிட்டால் செறிவு. இச்செய்தியை உணரி சிறு மின்னழுத்தமாக அனுப்ப, இரும்புப் பெட்டியிலுள்ள கணினி காபுரேற்றரின் மின்காந்த வால்வை நொடிக்குப் பலமுறை திறந்து மூடிக் கலவையைத் திருத்துகிறது. 1987 முதல் நிசான் சனி கார்களில் வந்த ஜிஏ வரிசைக் காபுரேற்றர் எஞ்சின்களிற் பல இவ்வகையினவே. ஐரோப்பாவிலும் இம்முயற்சி நடந்தது. பி.எம்.டபிள்யூ. 316, 518 வகைகளிற் சில பியர்பர்க் கம்பனியின் இலத்திரனியல் காபுரேற்றரைப் பெற்றன. 1983இல் வந்த ஒஸ்ரின் மாஸ்ட்ரோவில், மொறிஸ் மைனரின் அந்தப் பழைய எஸ்.யு. காபுரேற்றரின் மேலேயே ஒரு சிறு மின்மோட்டார் ஏறிக்கொண்டது.

நேயர்கள் இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். புகையை முகர்ந்து கலவையைத் திருத்தும் கருவிக்கு, புகை ஏன் மாறியது என்பது தெரியவேண்டியதில்லை. காற்று மெலிந்ததால் மாறினாலும் அது திருத்தும். வண்டி கம்பளையிலிருந்து இறம்பொடைக்கும், அங்கிருந்து லபுக்கலைக்கும் ஏற ஏற, கணினி தானாகவே பெற்றோலைக் குறைத்துக்கொண்டு வரும். இறங்க இறங்கக் கூட்டும். நெடுங்காலமாக மலைச்சாரதியை அலைக்கழித்த சிக்கலுக்கு, அமெரிக்கச் சட்டமொன்றின் தயவால், எதிர்பாராத தீர்வு வந்து சேர்ந்தது. ஆனால், அத்தீர்வு வந்த சில ஆண்டுகளிலேயே மலையகம் அதனைக் கழற்றி எறியத் தலைப்பட்டது.

காரணம் பெற்றோலில் இருந்தது. எஞ்சின் தட்டாமல் ஓடுவதற்காகப் பெற்றோலில் ஈயச் சேர்மத்தைக் கலக்கும் வழக்கம், 1921இல் அமெரிக்கரான தோமஸ் மிட்ஜ்லியின் கண்டுபிடிப்பால் உலகெங்கும் பரவியது. ஒட்சிசன் உணரிக்கும் ஊக்கிக் கலத்துக்கும் ஈயம் கொடிய நஞ்சு. யப்பான் 1975இலேயே சாதாரணப் பெற்றோலிலிருந்து ஈயத்தை நீக்கிவிட்டது. அங்கு செய்யப்பட்ட கார் அந்நாட்டுப் பெற்றோலை நம்பியே செய்யப்பட்டது. இலங்கையில் ஈயப் பெற்றோல் முற்றாக நீங்கியது 2002ஆம் ஆண்டில். இடைப்பட்ட காலத்தில் வந்திறங்கிய கார்கள் இங்கே முதல் தாங்கிப் பெற்றோலை நிரப்பிய நாள்முதல் நஞ்சுண்டன. உணரி மெல்ல மெல்ல மரத்துப்போயிற்று. அது சொன்ன பொய்யை மெய்யென்று நம்பிய கணினி கலவையைத் தாறுமாறாக்கிற்று. வண்டி ஏற்றத்தில் திணறியது; பெற்றோலை விழுங்கியது; காலையில் பனிக்குளிரில் உயிர்பெற மறுத்தது.

மெக்கானிக் என்ன செய்வான்? அவனிடம் விளக்கப்புத்தகம் இல்லை. இருந்தாலும் அது யப்பானிய மொழியில் இருந்தது. கையில் கிடைத்த பழைய வகைக் காபுரேற்றர் ஒன்றைப் பொருத்தினான். இரப்பர்க் குழாய்களை இழுத்தெறிந்து, துவாரங்களைத் திருகாணி கொண்டு அடைத்தான். வண்டி உடனே ஓடிற்று. 'இலத்திரனியல் காபுரேற்றர் மலைக்கு ஆகாது' என்ற தீர்ப்பு இவ்வாறுதான் எழுந்தது. மலைக்கு மிகவும் ஏற்ற கருவியொன்று, தன்னுடையதல்லாத குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டது. அந்த மெக்கானிக்கைக் குறை சொல்வதும் நியாயமன்று. மறுநாட் காலையில் வாடகைக்குப் போகவேண்டிய சாரதி வாசலில் நிற்கும்போது, பெற்றோலின் இரசாயனத்தை ஆராய அவனுக்கு அவகாசம் ஏது? குற்றம், காரைக் கொண்டுவந்து அதற்கேற்ற எரிபொருளைக் கொண்டுவராத ஏற்பாட்டினுடையது.

ஈயம் நீங்கியபின் நிலைமை மாறியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் அத்தொழில்நுட்பமே உலகில் மறைந்துவிட்டது. 1990களில் எரிபொருளை நேரே பீய்ச்சும் முறை காபுரேற்றரின் இடத்தைப் பிடித்தது. இலத்திரனியல் காபுரேற்றர் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளே வாழ்ந்த ஓர் இடைக்காலப் பிறவி. இதில் ஒரு விந்தையும் உண்டு. அதனினும் பழைய எஸ்.யு. காபுரேற்றருக்கு இன்றும் இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரில் ஊசியும் ஜெட்டும் செய்கிறார்கள். அதற்குப்பின் வந்த இலத்திரனியல் வகையின் கணினிப் பெட்டியோ பழைய கார் உடைக்கும் இடங்களிலேதான் கிடைக்கும்.

பின்னர் இரு நிகழ்ச்சிகள் இப்பழைய கார்களை மீண்டும் பேசுபொருளாக்கின. 2008இல் வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கிற்று. புகையிலுள்ள காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் அளவுக்கு மிஞ்சினால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இன்றேல் ஆண்டு வரிப்பத்திரம் இல்லை. வரிப்பத்திரம் இன்றேல் வாடகைக் கார்ச் சாரதியின் வீட்டில் அடுப்பெரிவது கடினம். சமவெளியில் திருத்திய சாதாரணக் காபுரேற்றர் மலையில் காபனோரொட்சைட்டை மிகுதியாகக் கக்கும் என்பது மேற்கண்ட கணக்கிலிருந்தே விளங்கும். அடுத்து, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில். 1960களின் நிலை மறுமுறையும் வந்தது. முப்பது வயது கடந்த கார்கள் புதுமதிப்புப் பெற்றன. பழுது பார்ப்பதா, மாற்றிவிடுவதா என்ற கேள்வி கராஜ்களில் மீண்டும் எழுந்தது.

முதலிற் பழுது பார்க்க முயல்வதே அறிவுடைமை. அதிலும் காபுரேற்றரைக் கழற்றுவது கடைசி வேலையாதல் வேண்டும். மலைப்பனியில் முதலில் கெடுவன இணைப்பிகள். அவற்றின் செம்பு பச்சை பூத்துவிடும். அடுத்துக் கெடுவன இரப்பர்க் குழாய்கள். முப்பது ஆண்டு வெப்பத்தில் இறுகி வெடித்த ஒரு குழாய் திருட்டுக் காற்றை உள்ளே விட்டால், கணினி எவ்வளவு திறமையுடையதாயினும் அதன் கணக்குப் பிழைக்கும். அதன்பின் உணரி. சூடேறிய எஞ்சினில் அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.1 வோல்ற்றுக்கும் 0.9 வோல்ற்றுக்கும் இடையே ஓயாது ஊசலாட வேண்டும். ஓரிடத்திலேயே நின்றுவிட்டால், காற்றுவழியைச் சற்றே மறைத்துக் கலவையைச் செறியவைத்துப் பார்க்கலாம். அப்போதும் அசையாவிட்டால் உணரி செத்துவிட்டது. சிறு மின்மானி ஒன்று இதற்குப் போதும். புதிய உணரி இன்று பல எஞ்சின்களுக்குப் பொதுவானதாகக் கிடைக்கிறது; முழுக் காபுரேற்றரை மாற்றுவதைவிடச் செலவும் குறைவு. மின்காந்த வால்வு, சாவியைத் திருப்பியதும் 'டிக்' என்று ஒலிக்கிறதா என்று கேட்கவேண்டும். ஜெட்டுகளைத் துப்புரவுத் திரவத்தாலும் காற்றாலும் மட்டுமே கழுவ வேண்டும். கம்பியை நுழைத்துக் குத்தும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. மயிரிழை பெரிதான துவாரத்தை எந்தக் கணினியாலும் சிறிதாக்க முடியாது.

கணினிப் பெட்டி எரிந்துபோயிருந்தால், அல்லது காற்றுத் தகட்டின் அச்சு தேய்ந்து ஆடினால், மாற்றுவதைத் தவிர வழியில்லை. அவ்வாறு மாற்றுவது இழுக்கன்று. ஆனால் மாற்றியபின் அந்தக் கார் தன் மூக்கை இழந்த கார் என்பதை உரியவர் உணரவேண்டும். இனி அது மலையேறுவதையும் இறங்குவதையும் அறியாது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மொறிஸ் மைனருக்குக் கிடைத்த கைத்திருத்தம் அதற்கும் தேவை. தீப்பொறிச் சமயத்தை முன்தள்ளும் வெற்றிடக் குழாயை மட்டும் அடைத்துவிடலாகாது. அதனை அடைத்த கார்கள் ஏற்றத்தில் இழுப்பதில்லை, பழியோ புதிய காபுரேற்றர்மேல் விழுகிறது.

கலவையை எங்கே வைத்துத் திருத்துவது என்பதும் சிந்திக்கத் தக்கது. கொழும்பில் திருத்தினால் நுவரெலியாவில் ஏறத்தாழ ஒன்பது வீதம் செறிந்துவிடும் என்று கண்டோம். இறம்பொடையோ ஆயிரம் மீற்றரை ஒட்டிய உயரத்தில், இவ்விரண்டுக்கும் ஏறக்குறைய நடுவே இருக்கிறது. நீர்வீழ்ச்சியருகே வண்டியை நிறுத்தி, எஞ்சினை நன்கு சூடேற்றி, அங்கு வைத்துத் திருத்திய காபுரேற்றர் நுவரெலியாவில் ஏறத்தாழ நான்கு வீதம் செறிந்தும், கொழும்பில் ஏறத்தாழ ஐந்து வீதம் மெலிந்தும் ஓடும். இவ்விரண்டையும் எஞ்சின் பொறுத்துக்கொள்ளும்.